பெரிய டிஸ்க் போட்ட பிறகும் இறங்கிப்போன பெடல்: வீட்டில் செய்த பிரேக் மாற்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்ட முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக். ஓட்டுநரையும் சேர்த்து எடை 1,450 கிலோ. உரிமையாளர் அதை அன்றாடம் ஓட்டுகிறார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ரேஸ் ட்ராக்குக்கும் எடுத்துப் போகிறார். முந்தைய ஆண்டில் இன்டர்கூலரை மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ட்யூனிங் செய்திருந்தார். அதன் பிறகு ட்ராக்கின் நீண்ட நேர்ப்பாதை முடிவில் காரின் வேகம் 180 கி.மீ.யிலிருந்து 195 கி.மீ.க்கு ஏறியது. பிரேக் மட்டும் கம்பெனியில் வந்தபடியே இருந்தது: முன்பக்கம் 280 மி.மீ. டிஸ்க், 57 மி.மீ. குறுக்களவுள்ள ஒற்றை பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பர் (டிஸ்கின் இருபுறமும் பேட் எனும் உராய்வுக் கட்டைகளை அழுத்தும் பாகம்).

15 கி.மீ. கூடியது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் பிரேக்குக்குப் போகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180லிருந்து 80 கி.மீ.க்கு இறக்கும்போது இந்தக் கார் சுமார் 1.45 மெகாஜூல் ஆற்றலை இழக்கிறது. 195லிருந்து இறக்கினால் 1.77 மெகாஜூல். அதில் முக்கால் பங்கு முன்பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டால், டிஸ்கின் உராயும் வளையம் 5 கிலோ இருக்கும் பட்சத்தில், ஒரே ஒரு பிரேக்கில் வெப்பநிலை 225 டிகிரிக்குப் பதில் 275 டிகிரி ஏறும். காற்றின் எதிர்ப்பும் இன்ஜின் பிரேக்கிங்கும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் என்றாலும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அடுத்த வளைவுக்குள் அந்த 275 டிகிரியும் ஆறிவிடுவதில்லை. மிச்சத்தின் மேல்தான் அடுத்த சூடு ஏறுகிறது.

முதல் அறிகுறி

ட்யூனிங்குக்குப் பிறகான முதல் ட்ராக் நாளில், நான்காவது சுற்றில் பெடல் மெத்தென்று ஆகி நீளமாக இறங்கியது. இரண்டு முறை அடித்து மிதித்த பிறகுதான் கார் வேகம் குறைந்தது. உரிமையாளர் உடனே உள்ளே வந்துவிட்டார். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் ஓரளவு திரும்பியது, முழுதாகத் திரும்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்வின் மீதி எல்லாமே அதிலிருந்து பிரிந்ததுதான். சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல்லைப்போல் நிற்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடலே மெத்தென்று கீழே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகிவிட்டது. ஆயில் அழுந்தாது, நீராவி அழுந்தும். அதனால்தான் காலின் அழுத்தம் காலிப்பருக்குப் போய்ச் சேருவதில்லை. முதலாவதற்கு மருந்து வேறு பேட். இரண்டாவதற்கு மருந்து புது ஆயிலும் காற்றோட்டமும்.

இங்கே நடந்தது தெளிவாக இரண்டாவது. காரில் இருந்த டாட் 4 ஆயிலுக்கு வயது மூன்று ஆண்டு. டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், 3.7 சதவீதம் ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்தும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று வயது ஆயிலோடு 195 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் கொதிப்பதில் வியப்பில்லை.

உரிமையாளர் எடுத்த முடிவு வேறு. “டிஸ்க் சின்னது, அதான் தாங்கல” என்று முடிவு செய்து, முன்பக்கத்துக்குப் பெரிய பிரேக் கிட் வாங்கினார்: 330 மி.மீ. குறுக்களவும் 28 மி.மீ. தடிமனும் உள்ள இரண்டு துண்டு டிஸ்க், நான்கு பிஸ்டன் நிலைக் காலிப்பர், ஸ்டீல் பின்னல் ஹோஸ், ட்ராக்குக்கான பேட், கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள ஆயில் 1 லிட்டர். இந்த முடிவு தவறு என்று சொல்ல முடியாது. கூடுதல் எடையுள்ள டிஸ்க் கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்ளும்: உராயும் வளையம் 7 கிலோ என்றால் அதே பிரேக்கில் வெப்பநிலை 197 டிகிரிதான் ஏறும். ஆனால் கைவிட்டது எது என்று பார்க்காமலேயே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள்.

வாங்கும் முன் போட்ட கணக்கு

ஒரு விஷயத்தை உரிமையாளர் நன்றாகவே செய்தார். கிட் வாங்குவதற்கு முன் பிஸ்டன் பரப்பைக் கணக்கிட்டார். பழைய 57 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 2,552 சதுர மி.மீ. புதிய காலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 42 மி.மீ. ஒன்று, 38 மி.மீ. ஒன்று, சேர்த்து 2,520 சதுர மி.மீ. நான்கு பிஸ்டனையும் கூட்டி இரட்டிப்பாகக் கணக்குப் போடுவது பலர் செய்யும் பிழை. நகரும் காலிப்பரில் ஒற்றைப் பிஸ்டன் தன் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் சேர்த்து நகர்கிறது. நிலைக் காலிப்பரில் இரு பக்கப் பிஸ்டன்களும் ஆளுக்குப் பாதி தூரம் நகர்கின்றன. ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரு பக்கப் பரப்பைத்தான்.

2,552க்கும் 2,520க்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். அதாவது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டிய ஆயிலின் அளவு ஏறக்குறைய அதேதான். பெடல் இறங்கும் தூரமும் பழையபடியே இருக்க வேண்டும். பிறகு பெடல் நீண்டபோது “பெரிய காலிப்பர் போட்டால் அப்படித்தான் இருக்கும்” என்ற சமாதானத்துக்கு இடமில்லாமல் செய்தது இந்த ஒரு கணக்குதான்.

பின்பக்கப் பங்கைப் பற்றிய கணக்கை யாரும் போடவில்லை. அது பின்னால் வருகிறது.

பொருத்திய விதம்

வேலை ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில், சமதளத் தரையில் நடந்தது. உரிமையாளரும், அவரைவிட வயதில் சிறிய, இன்ஜின் வேலை தெரிந்த உதவியாளர் ஒருவரும். காரின் முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டில், பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து. ஜாக்கின் மேல் மட்டும் காரை விட்டு அடியில் கை வைக்கவில்லை.

ஹோஸைக் கழற்றுவதற்கு முன், பிரேக் பெடலைச் சுமார் 25 மி.மீ. அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வழித் துளை மூடிக்கொள்ளும். குழாய் திறந்திருந்தாலும் மேல் டப்பாவிலிருந்து ஆயில் ஒழுகிக் காலியாகாது. டப்பா காலியானால் காற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்கப் பல கார்களில் ஸ்கேன் கருவி வேண்டியிருக்கும். நல்ல பழக்கம்.

பழைய டிஸ்க் கழன்று வந்தபோது, டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் வளையமாகத் துரு இருந்தது. கம்பி பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுப் புது டிஸ்கை ஏற்றினார்கள். டிஸ்க் சுற்றும்போது ஆடுகிறதா என்று அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை.

காலிப்பர் பிராக்கெட்டின் போல்ட் 110 நியூட்டன் மீட்டர், காலிப்பரைப் பிராக்கெட்டில் பிடிக்கும் போல்ட் 55 நியூட்டன் மீட்டர், ஹோஸின் முனையைக் காலிப்பரோடு இணைக்கும், ஆயில் போகத் துளையுள்ள பான்ஜோ போல்ட் 25 நியூட்டன் மீட்டர். இவை அந்தக் கிட்டோடு வந்த தாளில் இருந்த அளவுகள். வேறு கிட்டுக்குப் பொருந்தா. பான்ஜோவின் இரு பக்கமும் ஒவ்வொரு புதுத் தாமிர வாஷர். ஹோஸ் இழுபடுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா, டயரில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும் நிலையிலும் ஜாக்கால் தூக்கிய நிலையிலும் பார்த்தார்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் எதிலாவது உரசினால் ஹோஸ் தேயாது, எதிரில் இருப்பது தேயும். அது இன்னொரு ஹோஸாகவோ ஏபிஎஸ் ஒயராகவோ இருக்கலாம்.

17 அங்குல வீலுக்குள் காலிப்பர் அடங்குமா என்பதைக் கிட் தயாரிப்பாளர் கொடுத்த அட்டை அச்சை வெட்டி வைத்து முன்கூட்டியே பார்த்திருந்தார்கள். வீலின் ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் இடையே 4 மி.மீ. இருந்தது. இருந்தும் முதல் சுற்றில் கரகரவென்று சத்தம். வீலின் உள்குழலில் ஒட்டியிருந்த பாலன்ஸ் எடைகள் காலிப்பரின் மேல்முனையில் உரசின. எடைகளைப் பிய்த்து, வேறு இடத்தில் ஒட்டி மறுபடியும் பாலன்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. அட்டை அச்சு வீலைப் பார்க்கும், எடையைப் பார்க்காது.

பெடல் பாதிக்குக் கீழே

ஏர் எடுக்கும் வேலை, அதாவது ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றுவது, வழக்கப்படி தொடங்கியது. ஒருவர் உள்ளே பெடலில், ஒருவர் சக்கரத்தருகே, காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில். தெளிவான குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை புட்டியில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கி.

“மிதிச்சுப் பிடிங்கண்ணே.”

“பிடிச்சிருக்கேன்.”

நிப்பிள் கால் சுற்றுத் திறக்கும், பெடல் இறங்கும், நிப்பிள் மூடும்.

“இப்ப விடுங்க.”

வலதுபுறம் இருபது முறை, இடதுபுறம் இருபது முறை. குழாயில் குமிழி நின்றுவிட்டது. ஆனால் பெடல் 95 மி.மீ. இறங்கியது. பழைய பிரேக்கில், கழற்றும் முன் உரிமையாளர் அளந்து குறித்து வைத்திருந்தது 48 மி.மீ. அடுத்தடுத்து அடித்தால் மூன்றாவது மிதியில் பெடல் மேலே நின்றது. ஆனால் காலை அழுத்தினால் ஸ்பிரிங்போல் கொடுத்தது.

மறுநாள் கைப்பம்பால் நிப்பிளிலிருந்து உறிஞ்சிப் பார்த்தார்கள். இப்போது குமிழி நிற்கவே இல்லை. நுண்ணிய குமிழிகள் சரம்போல் வந்துகொண்டே இருந்தன. அரை லிட்டர் ஆயில் போயிற்று. இது தவறான தடயம்: நிப்பிளைத் தளர்த்தி உறிஞ்சும்போது அதன் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் குமிழி காலிப்பரிலிருந்து வருவதில்லை. இது தெரியாமல் எங்கோ கசிவு இருக்கிறது என்று தேடி இன்னொரு மாலைப்பொழுது கழிந்தது. பான்ஜோ போல்ட்களையும் தேவையில்லாமல் மறுபடி இறுக்கினார்கள்.

மூன்றாம் நாள் உரிமையாளர் “ஓட ஓட சரியாகிடும்” என்று காரை எடுத்துத் தெருவில் ஒரு சுற்று வந்தார். எதுவும் நடக்கவில்லை. ஆனால் இந்த நிகழ்வில் மிக மோசமான முடிவு இதுதான் என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறோம். பெடலில் காற்று இருக்கும் பிரேக் ஓடியதால் சரியாகிவிடாது. எதிரில் ஒரு குழந்தை குறுக்கிட்டால் பெடலை மூன்று முறை அடித்து மேலே கொண்டுவர நேரம் கிடைக்காது.

காற்று எந்தப் பக்கம்?

உதவியாளரின் சந்தேகம் ஏபிஎஸ் மாடுலேட்டர் மேல். ஸ்கேன் கருவி உள்ள பணிமனைக்குக் காரை இழுத்துப்போகலாம் என்றார். அதற்கு முன் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்தார்கள். பெடல் தொல்லை எதுவானாலும் முதலில் இதைச் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரு முன் ஹோஸ்களையும் காலிப்பரிலிருந்து கழற்றி, ஒவ்வொரு பான்ஜோ கண்ணுக்குள்ளும் 10 மி.மீ. போல்ட் ஒன்றை விட்டு, இரு பக்கமும் தாமிர வாஷர் வைத்து நட்டால் இறுக்கி அடைத்தார்கள். நட்டை முழுதாக இறுக்குமுன் ஹோஸ் முனையை மேலே தூக்கிப் பிடித்து, ஆயில் தளும்பி வரும்வரை காத்திருந்து அடைத்தது முக்கியம். இல்லாவிட்டால் சோதனையே புதிதாகக் காற்றைப் புகுத்திவிடும். பின்னல் ஹோஸை இடுக்கியால் நசுக்கி அடைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் டெஃப்லான் குழல் மடிந்து விரிசல் விடும்.

பெடலை மிதித்தார்கள். சிறிதளவே இறங்கி, கல்லைப்போல் நின்றது.

அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ், உலோகக் குழாய்கள், ஹோஸ், பின்பக்கம் எல்லாம் சுத்தம். காற்று முன் காலிப்பர் இரண்டுக்குள் மட்டுமே. பணிமனைப் பயணம் அத்தோடு நின்றது.

காரணம்

ஹோஸை மறுபடி மாட்டி, நிப்பிளில் குழாயைச் செருகக் குனிந்தபோதுதான் உதவியாளர் கவனித்தார். புட்டியைத் தரையில் வைத்திருந்தார்கள். குழாய் நிப்பிளிலிருந்து ஒரு வளைவும் இல்லாமல் நேர்கீழாகத் தொங்கியது. நிப்பிள் காலிப்பரின் அடிமுனையில் இருந்தது. இரு பக்கமும்.

காற்று மேலே தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அடியில் உள்ள ஆயில்தான் வெளியே போகும்; மேல்பாதியில் உள்ள காற்று அசையாது. முதல் நாள் குழாயில் குமிழி நின்றதும் அதனால்தான்: வந்துபோன ஆயில் உண்மையிலேயே சுத்தமாக இருந்தது.

இடது காலிப்பர் வலப்பக்கமும், வலது காலிப்பர் இடப்பக்கமும் மாட்டப்பட்டிருந்தன. பிராக்கெட் சமச்சீரானது, எந்தக் காலிப்பரும் எந்தப் பக்கமும் பிசகில்லாமல் உட்காரும், போல்ட் முழு அளவுக்கு இறுகும். தவறு எங்கிருந்து வந்தது என்றால், கிட்டின் தாளில் இருந்த படம் காலிப்பர் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் வேறொரு காருக்கு உரியது. இந்தக் காரில் காலிப்பர் அச்சுக்குப் பின்னால். முன்னாலிருந்து பின்னாலுக்குப் போகும்போது இடம் வலம் மாறிவிடும். படத்தில் பார்த்ததை அப்படியே வைத்தார்கள்.

இன்னொரு தடயமும் முதல் நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்தது. பிஸ்டன்கள் இரண்டு அளவில் உள்ள காலிப்பரில், டிஸ்க் உள்ளே நுழையும் முனையில் சிறிய பிஸ்டனும் வெளியேறும் முனையில் பெரிய பிஸ்டனும் வர வேண்டும். பேட்டின் நுழைமுனை இயல்பாகவே டிஸ்கோடு அதிகம் அழுந்தும். இரு பிஸ்டனும் ஒரே அளவாக இருந்தால் பேட் ஆப்புபோல் சாய்ந்து தேயும். அதைச் சமன்செய்யத்தான் அளவு மாறுகிறது. இங்கே அது தலைகீழாக இருந்தது. காற்றுத் தொல்லை இல்லாமல் போயிருந்தால் சில ஆயிரம் கி.மீ. கழித்துப் பேட் சரிந்து தேய்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

எடுத்த முடிவு

இரண்டு வழிகள் இருந்தன. காலிப்பரை மட்டும் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவே 28 மி.மீ. மரத்துண்டு செருகி, நிப்பிள் மேலே வரும்படி கையில் பிடித்துக்கொண்டு ஏர் எடுத்துவிட்டு மறுபடி மாட்டுவது ஒன்று. ஒரு மணி நேர வேலை. உரிமையாளர் களைத்துப்போயிருந்ததால் அதைத்தான் முதலில் கேட்டார். உதவியாளர் ஒத்துக்கொள்ளவில்லை: பிஸ்டன் வரிசை தலைகீழாகவே நிற்கும், அடுத்த முறை ஆயில் மாற்றும்போது இதே சிக்கல் திரும்ப வரும், அப்போது வேலை செய்பவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. மூன்றாவது காரணமே போதுமானது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இரண்டையும் இடம் மாற்றினார்கள். இந்தக் காலிப்பரில் உட்பாதிக்கு ஒரு நிப்பிள், வெளிப்பாதிக்கு ஒரு நிப்பிள். இரண்டிலும் தனித்தனியாக ஏர் எடுக்க வேண்டும். பம்ப் ஒதுக்கி வைக்கப்பட்டது. முதலில் நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயில் தானாக வடியும்வரை பத்து நிமிடம் விட்டார்கள். பிறகு பெடல் முறை. நடுநடுவே ரப்பர் சுத்தியலால் காலிப்பர் உடலைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் குழாயில் கடுகளவு குமிழி ஒன்றிரண்டு எழுந்து வந்தது. பழைய மாஸ்டர் சிலிண்டர் என்பதால் பெடலைத் தரைவரை அழுத்தாமல், அடியில் ஒரு கட்டை வைத்து முக்கால் தூரத்தில் நிறுத்தினார்கள். சிலிண்டரில் வழக்கமாக சீல் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும், சீல் அதன் மேல் ஏறினால் கிழியும்.

350 மி.லி. ஆயிலில் வேலை முடிந்தது. பெடல் 46 மி.மீ.

பேட் பதிய வைத்தலும் அதிர்வும்

காலியான சாலையில், 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ.க்கு எட்டு முறை அழுத்தமாக, ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் போகாமல், நிற்காமல் பிரேக் பிடித்தார்கள். நோக்கம், பேட்டின் மெல்லிய படலம் ஒன்றை டிஸ்க் முழுதும் சீராகப் படிய வைப்பது. எட்டாவது முறைக்குப் பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டிருக்க வேண்டும். சிக்னலில் நிற்க நேர்ந்தது; உரிமையாளர் பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் நின்றார். சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும்.

600 கி.மீ. ஓடியபின் 90 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. வழக்கமாக எல்லோரும் சொல்வதுபோல் “டிஸ்க் வளைஞ்சிடுச்சு” என்று உரிமையாளரும் நினைத்தார். இந்த முறை அளந்தார்கள். டிஸ்கை வீல் நட்டுகளும் வாஷரும் வைத்து ஹப்போடு இறுக்கி, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜின் முள்ளை வைத்து மெதுவாகச் சுற்றியதில், இடதுபுறம் 0.11 மி.மீ. ஆட்டம். வலதுபுறம் 0.03. மைக்ரோமீட்டரால் இடது டிஸ்கின் தடிமனை எட்டு இடங்களில் அளந்ததில் அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.018 மி.மீ. வித்தியாசம். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். ஆனால் காலும் கையும் உணர்வதற்கு அது போதும்.

டிஸ்கைக் கழற்றினால் ஹப்பின் விளிம்பில் ஸ்டட் ஒன்றின் அருகே நகக்கண் அளவு துருப்படிவு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பி பிரஷ் அதை மெருகேற்றியதே தவிர எடுக்கவில்லை. கணக்கு எளிது: 140 மி.மீ. ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிப்பு இருந்தால், அது டிஸ்கைச் சாய்த்து, 310 மி.மீ. வட்டத்தில் 0.11 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். அளந்ததும் அதேதான். ஸ்டட்டைச் சுற்றிப் பொருந்தும் தேய்ப்பு வட்டை ஒன்றால் உலோகம் தெரியும்வரை ஹப்பைச் சுத்தம் செய்ததும் ஆட்டம் 0.03க்கு இறங்கியது. டிஸ்கின் முகத்தை 120 எண் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் படலத்தை எடுத்து, பேட்டின் முகத்தையும் லேசாக உரசி, மறுபடி பதிய வைத்தார்கள். இந்த முறை நிறுத்தம் இல்லாத பாதையில். நடுக்கம் போயிற்று.

விட்டுப்போன பின்பக்கம்

முதல் மழையில் இன்னொன்று தெரிந்தது. மிதமான பிரேக்குக்கே முன்பக்க ஏபிஎஸ் அடிக்கத் தொடங்கியது. டயர் பழையது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு விட்டுப்போன கணக்கைப் போட்டார்கள்.

ஒரே ஆயில் அழுத்தத்துக்கு முன் பிரேக்கின் முறுக்கு விசை மூன்றைப் பொறுத்தது: பிஸ்டன் பரப்பு, பேட்டின் நடு ஆரம், பேட்டின் உராய்வு. பரப்பு ஒரு சதவீதம் குறைந்தது. ஆரம் 114 மி.மீ.யிலிருந்து 138க்குப் போனது, 21 சதவீதம் கூடுதல். உராய்வெண் 0.38லிருந்து 0.45, 18 சதவீதம் கூடுதல். பெருக்கினால் முன்பக்கம் 41 சதவீதம் பலமாகிவிட்டது. பின்பக்கம் அப்படியே. முன்பின் பங்கு 75க்கு 25 என்று இருந்தது 81க்கு 19 ஆனது.

காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரில், எடை பெருமளவு முன்னால் சாயும்போது 81 பெரிதாக உறுத்தாது. மழையில் பிடிப்பு குறைவு. கார் மெதுவாகவே வேகம் குறைக்கும், எடையும் குறைவாகவே முன்னால் சாயும். இந்தக் காரின் அளவுக்கு அப்போது முன்சக்கரம் தாங்கக்கூடிய பங்கு ஏறத்தாழ 73. மிச்சத்தை முன்டயர் வழுக்கலாகக் காட்டுகிறது. பின்டயர் சும்மா உருள்கிறது. பெடலை இன்னும் பலமாக மிதித்தால், ஏபிஎஸ் முன்பக்கத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்பக்க அழுத்தம் ஏறி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் மழையில் பெடல் அதிரும்போது இன்னும் அழுத்த வேண்டும் என்று பெரும்பாலானவர்களின் காலுக்குத் தோன்றாது.

பின்பக்கத்துக்கும் அதே உராய்வெண் கொண்ட பேட் போடப்பட்டது. பங்கு 78க்கு 22 என்று வந்தது. பின்பக்கம் இதைவிடக் கடுமையான பேட் போட்டு 75ஐ மீட்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. குளிர்ந்த நிலையில் கடும் பேட்டின் உராய்வு கணிக்க முடியாதது. பின்சக்கரம் முந்திக்கொண்டு வழுக்கினால் கார் சுற்றிவிடும். முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது பாதுகாப்பான பக்கம்.

பிறகு

அடுத்த ட்ராக் நாளில் பத்துச் சுற்று தொடர்ந்து ஓடியது. பெடல் நாள் முழுதும் ஒரே உயரத்தில் நின்றது. ஒரு மெதுவான சுற்றுக்குப் பிறகு உள்ளே வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியில் முன் டிஸ்க் 340, பின் டிஸ்க் 210 டிகிரி. ஓடும்போது இதைவிடக் கணிசமாக அதிகம் இருந்திருக்கும். நாளின் முடிவில் பேட்டைக் கழற்றி நுழைமுனையையும் வெளிமுனையையும் அளந்ததில் தேய்மானம் 0.2 மி.மீ.க்குள் சமமாக இருந்தது.

அன்றாட ஓட்டத்தில் இரண்டு குறைகள் மிஞ்சின. காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் பேட் கீச்சிடுகிறது, பிடிப்பும் மந்தமாக இருக்கிறது. காலிப்பரின் பிஸ்டன்களில் தூசி மறைப்பு ரப்பர் இல்லாததால் மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ட்ராக் பாகங்களோடு வருபவை. கிட் வாங்கும்போது சொல்லப்படாதவை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரித்த உடனேயே காலிப்பரைக் காரின் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நிப்பிள் வானத்தைப் பார்க்கிறதா என்று உறுதிசெய்து, உடலில் இடது வலது என்று எழுதியிருந்தால் மூன்று நாளும் அரை லிட்டருக்கு மேல் ஆயிலும் மிஞ்சியிருக்கும். எந்த டிஸ்க் இடதுக்கு, எது வலதுக்கு என்பதும் இதே கவனத்தைக் கேட்கிறது: வளைந்த காற்று வழி உள்ள டிஸ்கில், உள் இறக்கைகள் சுழலும் திசைக்கு எதிராகப் பின்சாய்ந்திருக்க வேண்டும். மேலே தெரியும் வரிப்பள்ளத்தின் திசையைப் பார்த்து மாட்டுபவர்கள் பலர்; பள்ளம் எந்தத் திசையில் இருந்தாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை, இறக்கை மாறினால் காற்றோட்டம் குறையும்.

ஹப்பைச் சுத்தம் செய்து டயல் கேஜ் வைப்பது டிஸ்க் ஏற்றும் நாளிலேயே, பேட் போடும் முன் நடக்க வேண்டும். பின் பேட்டும் முன் கிட்டோடு ஒரே நாளில் மாற வேண்டும். பெடலின் தூரத்தைக் கழற்றும் முன் அளந்து குறித்து வைத்ததை மட்டும் அப்படியே திரும்பச் செய்யலாம். 48 என்ற அந்த ஒற்றை எண் இல்லாமல் போயிருந்தால் 95ஐ இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறோம்.

இந்த நிகழ்வால் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று நிற்கிறது. பழைய 280 மி.மீ. டிஸ்கிலேயே புது ஆயிலும் ட்ராக் பேட்டும் மட்டும் போட்டுப் பத்துச் சுற்று ஓட்டியிருந்தால் பெடல் நின்றிருக்குமா? நான்காவது சுற்று வரை பேட் பிடிப்பை இழந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை என்பதால், நின்றிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். ஆனால் கிட் வந்த வாரத்திலேயே பழைய டிஸ்க்குகள் இரும்புக் கடைக்குப் போய்விட்டன.